திரையில் வரும் புற்றுநோய்க்கு உறுப்பு உண்டா?

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பின்னணியில் வயலின் அழுகிறது. பிறகு ஒரே ஒரு சொல்: புற்றுநோய். தமிழ்ப் படம் பார்க்கும் வழக்கமுள்ள எவருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். நீங்கள் பள்ளி மாணவராக இருந்தாலும் சரி, பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தாலும் சரி, புற்றுநோயைப் பற்றி உங்களுக்கு முதற்பாடம் நடத்தியது பெரும்பாலும் உயிரியல் புத்தகமாக இராது, திரைப்படமாகவே இருக்கும். அப்படியானால், ஒரு பாடநூலில் பிழை பார்ப்பதுபோல இந்தப் பாடத்திலும் பிழை பார்க்க நமக்கு உரிமை உண்டு அல்லவா?

பிழை பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். கணையப் புற்றுநோயை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். சந்தடியில்லாமல் வளர்வது, நரம்புகளை ஒட்டியே ஊர்ந்து செல்வது, அரிதாக மூளையையும் தண்டுவடத்தையும் எட்டுவது இந்த நோய். திரைப்படம் காட்டும் புற்றுநோயிலிருந்து மிகவும் விலகி நிற்பதும் இதுதான்.

பாடம் யாரைச் சென்றடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குச் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியின் மீனவர் குப்பங்களை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. மடவையும் இறாலும் நண்டும் தரும் இந்த ஏரியில், எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. டூரிங் டாக்கீஸ் போய்த் தொலைக்காட்சி வந்தது. இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது. பழைய படங்கள் மட்டும் போகவில்லை. அவை அங்கே என்ன கற்பிக்கின்றன?

படங்கள் சொல்லும் பாடம்

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' மருத்துவமனையைக் களமாகக் கொண்டது. புற்றுநோய் கண்ட கணவன், அவன் மனைவி, ஒரு காலத்தில் அவளை விரும்பிய மருத்துவர் ஆகிய மூவரின் கதை. மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்கிறார், கணவன் பிழைக்கிறான். புற்று என்றாலே சாவு என்று எல்லாரும் நினைத்த காலத்தில், ஒருவன் பிழைத்தான் என்று காட்டத் துணிவு வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தின் நாயகனோ புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சியாளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது 1954இல். அந்தப் புதிய நம்பிக்கையின் சாயல் இந்த இரு படங்களிலும் தெரிகிறது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1982இல் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என இரு படங்கள் வந்து பெருவெற்றி பெற்றன. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் நோயைக் காதலியிடமிருந்து மறைத்து, அவளைத் தன்னிடமிருந்து விலக்குகிறான். முன்னேறியிருக்க வேண்டிய பாடம் பின்னோக்கிப் போயிற்று. 1962இல் சிகிச்சை கதையின் நடுநாயகமாக இருந்தது; 1982இல் அந்த இடத்தைத் தியாகம் பிடித்துக்கொண்டது. மருத்துவமனை ஒரு தீர்ப்பைப் படித்துக்காட்டும் நீதிமன்றம் ஆகிவிட்டது.

1971இல் வந்த 'ஆனந்த்' என்னும் இந்திப் படம் சற்று வேறு. அதில் நாயகனுக்கு வந்திருப்பது குடலில் தோன்றும் ஒருவகைப் புற்று என்று பெயரோடு சொல்லப்படுகிறது. அந்தப் பெயரை வைத்து அவனே வேடிக்கையும் பேசுகிறான். ஆனால் அந்தப் பெயரை மாற்றி 'நுரையீரல்' என்று போட்டாலும் கதையில் ஒரு காட்சிகூட மாறாது. வாசகர்களே, நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். உறுப்பின் பெயரை மாற்றுங்கள். கதை மாறுகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் மாறாது. 2008இல் வந்த 'வாரணம் ஆயிரம்' போன்ற சில படங்களே விலக்கு. அங்கே புகைபிடிக்கும் தந்தைக்குத் தொண்டையில் புற்று வருகிறது. காரணமும் உறுப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நம் குற்றச்சாட்டை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: திரைப்படப் புற்றுநோய்க்கு நாள் கணக்கு உண்டு, இருக்கும் இடம் இல்லை. உண்மையான நோய்க்கோ எல்லாமே அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கணையத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

முகத்துவாரம் அடைபட்டால்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்கே படுத்திருக்கிறது கணையம். உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் தருவது இதுவே. முன்னால் இரைப்பை மறைத்துக்கொண்டிருப்பதால் கையால் தடவிப் பார்த்து இதில் கட்டியைக் கண்டுபிடிப்பது மிக அரிது. சாதாரண எக்ஸ்ரேயிலும் கணையம் தெரியாது. மனிதருக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971இல்தான். ஆகவே 1962இன் திரைக்கதாசிரியர் கணையத்தைத் தொடாமல் விட்டதைக் குறை சொல்வது நியாயமன்று. அன்றைய மருத்துவருக்கே அது எட்டாத இடமாக இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

கணையப் புற்றுகளில் பாதிக்கு மேற்பட்டவை அதன் தலைப்பகுதியில் தோன்றுகின்றன. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுவரும் நாளம் அந்தத் தலைப்பகுதிக்குள் புகுந்துதான் செல்கிறது. பழவேற்காட்டு மீனவருக்கு இதை விளக்குவது எளிது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் என்ன ஆகிறது? நீரின் போக்குவரத்து நின்று ஏரியே கெடுகிறது. அதேபோலக் கட்டி பித்தநாளத்தை நெருக்கினால் பித்தநீர் குடலுக்குள் இறங்க வழியின்றி இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது, மலம் வெளுக்கிறது, உடலெங்கும் அரிப்பு எடுக்கிறது. பல வேளைகளில் வலியே இருப்பதில்லை.

இதுவும் மஞ்சட்காமாலைதானே என்று நாட்டு மருந்து கொடுப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். புகழ் மருந்துக்குப் போய்ச் சேரும். நாளம் அடைபட்டு வரும் காமாலை அப்படித் தணியாது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வலியில்லாத காமாலையும் வெளுத்த மலமும் கண்டால், மருந்துக்கு முன் ஸ்கேன் வேண்டும். இந்த ஒரு செய்தியை எந்தப் படமாவது சொல்லியிருந்தால், அது நூறு வசனங்களுக்குச் சமமாகும்.

நீரிழிவும் ஒரு தடயம். டாக்டர் சுரேஷ் சாரியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவுக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்று இருப்பது தெரிய வந்தது. நூற்றில் ஒருவர்தானே; ஆகவே நீரிழிவு வந்தவரெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதிய நீரிழிவோடு காரணமின்றி உடம்பும் மெலிந்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதே சாரி, சென்னை மருத்துவர்களான வி. மோகன், எம். விஸ்வநாதன் முதலியோருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு முக்கியமானது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதிலேயே காணப்படும், கணையத்தில் கல் சேரும் ஒருவகை நாட்பட்ட அழற்சி உண்டு. அது உள்ளவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் பல மடங்கு என்பது அதில் தெரிந்தது. புகைபிடித்தலும் இந்நோய்க்கு உறுதியான காரணங்களில் ஒன்று.

முதுகுவலியும் நரம்பு வழியும்

இப்போது நரம்புக்கு வருவோம். கணையத்தின் பின்புறம், பெருந்தமனியைச் சுற்றி, நரம்புகளின் அடர்ந்த பின்னல் ஒன்று உள்ளது. வயிற்று உறுப்புகளின் வலிச்செய்தி தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போவது இதன் வழியாகத்தான். கணையப் புற்றுச் செல்களுக்கு ஓர் விசித்திரக் குணம் உண்டு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து, அதை ஒட்டியே நகர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் வழியே படகு போவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அறுத்தெடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த நரம்பு ஊடுருவலைக் காணலாம்.

இதன் விளைவுதான் நோயாளியின் மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி. ஏரியில் வலை இழுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதுகு வலிக்கிறது என்றால் அவர் என்ன நினைப்பார்? வலை கனம் என்று நினைப்பார். பாட்டு முறை வரும் நாளைத் தவறவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். ஆகவே தைலம் தேய்த்துக்கொண்டு படகேறுவார். ஒரு வேறுபாட்டை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். உழைப்பால் வந்த தசைவலி பொதுவாகப் படுத்தால் குறையும். கணையத்து வலியோ பெரும்பாலும் மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். பசியின்மையும் மெலிவும் கூடவே வந்தால் அது வெறும் வலைக் கனம் அன்று.

மனத்தையும் இந்நோய் முன்கூட்டியே தொடுகிறது. யாஸ்கின் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1931ஆம் ஆண்டிலேயே, கணையப் புற்றுக்காரர் சிலரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே தோன்றியதை எழுதினார். திரைப்படத்தில் நாயகன் நோயின் பெயரைக் கேட்ட பிறகே சோர்கிறான். வாழ்க்கையில் சிலருக்குச் சோர்வு முதலில் வருகிறது. பெயர் பிறகு வருகிறது.

நோய் தலைக்கு ஏறிவிட்டதா?

நரம்பு வழியாக ஊர்வதும் மூளைக்குப் பரவுவதும் ஒன்றல்ல. இங்கேதான் திரைப்படம் பெரிய குழப்பத்தை விட்டுச் சென்றிருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு திடீரென்று விழுவதே புற்றுநோயின் அடையாளம் என்று அது பழக்கிவிட்டது. அதனால் எந்தப் புற்றுநோயாளி சற்றுத் தடுமாறிப் பேசினாலும், "தலைக்கு ஏறிவிட்டது, இனிமேல் ஒன்றுமில்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் கணையப் புற்று மூளையை எட்டுவது நூறு நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. கணையத்திலிருந்து வெளியேறும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பிறகு இதயம் வழியாக நுரையீரலுக்கு. அதன் பிறகே மூளைக்கு. நழுவிய செல்கள் முதலிரண்டு வலைகளிலேயே பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. மூளையின் நுண்குழாய்ச் சுவரோ கண்ணி மிகச் சிறிய வலை. எதையும் எளிதில் உள்ளே விடாது. நோயின் வேகமும் ஒரு காரணம். செல்கள் மூளைவரை சென்று வேர்பிடிப்பதற்குள் பலருடைய காலம் முடிந்துவிடுகிறது. சிகிச்சை மேம்பட்டு ஆயுள் நீளும்போது இந்த அரிய பரவல் கூடுதலாகக் கண்ணில் படலாம் என மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

பரவினால் மூன்று வகையில் பரவலாம். மூளைக்குள்ளேயே கட்டி தோன்றினால் காலைநேரத் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவை வரும். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள உறையில் படர்ந்தால் இரட்டைப் பார்வை, முகமரப்பு, கால் தளர்ச்சி ஆகியவை வரும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தண்டுவட நீர்ச் சோதனையும் அதைக் காட்டும். முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் செயலிழக்கும், சிறுநீர் அடைபடும். இந்த மூன்றாவது அவசர நிலை. ஒரு நாளைக்குள் கவனித்தால் நடை காப்பாற்றப்படலாம், காத்திருந்தால் திரும்பாது.

ஆனால் குழம்பிய பேச்சுக்கெல்லாம் மூளைப் பரவல் காரணமன்று. சர்க்கரை ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம், உப்புச்சத்து மாறியிருக்கலாம், கிருமி தாக்கியிருக்கலாம், கல்லீரல் தளர்ந்திருக்கலாம். இரத்தம் உறைந்து பக்கவாதமும் வரலாம். வயிற்றுப் புற்றுகளில் இரத்தம் எளிதில் உறைவதை பிரெஞ்சு மருத்துவர் திரூசோ 1865இல் எடுத்துரைத்தார். இரண்டாண்டு கழித்து அதே அறிகுறியைத் தம் உடம்பிலேயே கண்டு, தமக்கு வந்திருப்பது இன்னதென்று அறிந்துகொண்டார். இந்தக் காரணங்களில் பல சரிசெய்யக் கூடியவை. "தலைக்கு ஏறிவிட்டது" என்ற சொல்லால் மருத்துவமனைக்குப் போகாமல் நின்றுவிட்டால், சரிசெய்யக் கூடியதும் போய்விடும்.

மறைப்பது தியாகமா?

படங்களின் மீது நாம் வைக்கும் மிகக் கடுமையான குறை இதுதான்: அவை மறைத்தலைப் புகழ்கின்றன. நாயகன் நோயை மறைக்கிறான். நாம் கண்ணீர் விட்டுப் பாராட்டுகிறோம். வீட்டிலோ நாம் அதைச் சற்றுத் திருப்பிப்போட்டு, நோயாளியிடமிருந்தே நோயை மறைக்கிறோம். "அவருக்குத் தெரியக் கூடாது" என்று மருத்துவரிடம் கைகூப்புகிறோம்.

கணையப் புற்றில் மறைத்தலின் விலை மிக அதிகம். நோயைக் கண்டறியும்போது நூற்றில் 15 முதல் 20 பேருக்கே அறுவைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. விப்பிள் என்ற அறுவை நிபுணர் 1935இல் விவரித்த பெரிய அறுவைச் சிகிச்சைதான் இன்றும், திருத்தங்களோடு, தலைப்பகுதிப் புற்றுக்குச் செய்யப்படுகிறது. வலியை மூன்று மாதம் மறைத்தவர் அந்த 15 பேரில் ஒருவராக இருந்திருக்கக் கூடும். 2022இல் உலகில் 5 இலட்சத்துக்கும் சற்று மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தோர் 4 இலட்சத்து 67 ஆயிரம் பேர். இந்தக் கணக்கைப் பார்த்து, படங்கள் சொல்வது சரிதானே, இது சாவுத் தீர்ப்புத்தானே என்று நீங்கள் கேட்கலாம்.

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. முழுக் குணம் அரிது என்பது உண்மை. ஆனால் அரிது என்பதும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் வேறு வேறு. அடைபட்ட பித்தநாளத்தில் எண்டாஸ்கோப்பி வழியே ஒரு சிறு குழாயை வைத்தால் காமாலையும் அரிப்பும் இறங்குகின்றன. செரிமான நொதி மாத்திரை உணவை உடம்பில் ஒட்டச் செய்கிறது. நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலிச்செய்தியைத் தடுக்கலாம். மூளையில் பரவியவருக்கும் ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தைக் குறைக்கும். கதிர்வீச்சு தலைவலியையும் வலிப்பையும் தணிக்கும். மார்பின் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளுக்கே எட்டாக்கனி ஆக்கியிருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று அகன்றது. ஆனால் நோயின் பெயரையே அறியாத நோயாளி எந்த வலிக்கு மார்பின் கேட்பார்? எந்த முடிவைத் தாமாக எடுப்பார்? யாரிடம் கடன் கணக்கைச் சொல்லுவார்?

அறிந்தவர் எப்படி வாழலாம் என்பதற்கு ரால்ஃப் ஸ்டைன்மன் ஓர் எடுத்துக்காட்டு. நோய் எதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்த இவ்விஞ்ஞானிக்குக் கணையப் புற்று வந்தது. தாம் கண்டறிந்த செல்களைக் கொண்டு தமக்கே சோதனைச் சிகிச்சை செய்துகொண்டு நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்தார். 2011 செப்டம்பர் 30இல் மறைந்தார். மூன்று நாள் கழித்து அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சிகிச்சைதான் அவர் ஆயுளை நீட்டித்தது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர் நோயை மறைத்தாரில்லை. நோயோடு வேலை செய்தார். இது படமாக்கத் தகுந்த கதையல்லவா?

ஒரு திரைப்படம் மருத்துவ வகுப்பாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பாட்டும் காதலும் கண்ணீரும் இருக்கட்டும். உறுப்புக்கு உரிய அறிகுறி ஒன்று, ஸ்கேனுக்குப் போகும் பேருந்து ஒன்று, வலி தணிந்து ஒருவர் நிம்மதியாக உறங்கும் இரவு ஒன்று என்று மூன்று காட்சிகள் போதும். கதையின் சுவை குறையாது, கூடும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும் அங்கிருந்து சென்னைக்கும் போகும் வழியிலேயே எந்த வசனகர்த்தாவும் எழுதித் தீராத நாடகம் இருக்கிறது. ஏரியின் ஆந்திரப் பகுதியில் உள்ள இருக்கம் தீவு போன்ற ஊராருக்கு அந்த வழி படகிலிருந்தே தொடங்குகிறது.

அத்தகைய படம் வரும்வரை, வாசகர்களே, பாடத்தைத் திருத்தும் வேலை நம்முடையது. வீட்டில் எவருக்கேனும் வலியில்லாத காமாலையோ, படுத்தால் கூடும் முதுகுவலியோ, மெலிவோடு வந்த புதிய நீரிழிவோ இருந்தால், அவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அது பெரும்பாலும் வேறு ஏதேனும் சிறிய கோளாறாகவே இருக்கும். அப்படியானால் மகிழ்ச்சியோடு திரும்பி வரலாம். போன பேருந்துக் கட்டணம் மட்டுமே நட்டம்.